எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்? – தொடக்கப்பள்ளி மாணவருக்கான வாசிப்பு நூல் தேர்வு



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் வகுப்பு வாசலில் வந்து நிற்பார்கள். "சார், பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்?" என்று கேட்பார்கள். நல்ல நூல்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் அந்த நினைப்பை மாற்றினான்.

சித்தியவானில் நான் கற்பித்த வகுப்பு அது. அவனுடைய நிலாம் பதிவேட்டில் அந்த ஆண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் தலைப்பு, ஆசிரியர் பெயர், பக்க எண்ணிக்கை, நான்கு வரிக் கதைச்சுருக்கம், கீழே என் கையெழுத்து. பாராட்டலாம் என்று கூப்பிட்டேன். பட்டியலில் இருந்த ஒரு நூலை எடுத்து, "இதில ஒரு பக்கம் படிச்சுக் காட்டுப்பா" என்றேன். முதல் வரியிலேயே மூன்று இடத்தில் நின்றுவிட்டான். இரண்டாம் வரிக்கு வரவே இல்லை. அப்படியானால் கதைச்சுருக்கம் எங்கிருந்து வந்தது? "பின்னட்டையில இருக்கும் சார். பாத்து எழுதிடுவேன்" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. நாற்பது முறை கையெழுத்துப் போட்டவன் நான்தானே?

அவனிடம் நல்ல நூல்கள் இல்லாமல் இல்லை. அவனுக்கான நூல்தான் அந்த நாற்பதில் ஒன்றுகூட இல்லை. இந்தக் கட்டுரையில் சில நூல்களைப் பரிந்துரைக்கப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நூலை வயதைப் பார்த்தோ, ஆண்டைப் பார்த்தோ, நூலின் புகழைப் பார்த்தோ கொடுக்கக் கூடாது. பிள்ளை இன்றைக்கு எந்தப் படியில் நிற்கிறதோ, அந்தப் படியைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

இது புதிய கருத்து அல்ல. இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் இரண்டு இதைத்தான் சொல்கின்றன: வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு, நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு. இந்த இருவரையும் சந்திக்க வைப்பதுதான் ஆசிரியரின் வேலை.

1. முதலில் பிள்ளையின் படியைக் கண்டுபிடியுங்கள்

ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஐந்து நிமிடம் போதும்.

நீங்கள் கொடுக்க நினைக்கும் நூலின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய 50 சொற்கள் உள்ள ஒரு பத்தியைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறி நிற்கும் சொல், தவறாகப் படிக்கும் சொல், பொருள் தெரியாத சொல் – ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்குங்கள்.

• 2 விரல் அல்லது அதற்குக் குறைவு: இந்த நூலைப் பிள்ளை தனியாகவே வாசிக்கலாம். வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள்.
• 3 முதல் 5 விரல் வரை: ஆசிரியரோ பெற்றோரோ பக்கத்தில் இருந்தால் வாசிக்கலாம். வகுப்பறைக்கு ஏற்ற நூல்.
• 5 விரலுக்கு மேல்: இப்போது வேண்டாம். நூலை எடுத்து வையுங்கள்; பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாசிப்பு ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கும் ஏறக்குறைய இதுதான். நூற்றுக்கு 95 சொற்களுக்கு மேல் சரியாக வாசிக்க முடிந்தால் தனி வாசிப்பு. 90-க்குக் கீழே போனால் சலிப்பு. பத்தில் ஒரு சொல் புரியாவிட்டால் கதையும் புரியாது. கதை புரியாத பிள்ளை பின்னட்டையைப் பார்த்துத்தான் எழுதும்.

சோதனையை மற்ற மாணவர்கள் முன்னால் செய்யாதீர்கள். மதிப்பெண்ணும் போட வேண்டாம். இது பிள்ளைக்கு வைக்கும் சோதனை அல்ல, நூலுக்கு வைக்கும் சோதனை. "இந்தப் புத்தகம் உனக்குச் சரியா வருதான்னு பாப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை பயப்படாது.

2. தமிழில் ஒரு நூலைக் கடினமாக்குவது எது?

247 எழுத்தும் தெரிந்த பிள்ளை ஏன் தடுமாறுகிறது? பல ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி இது. இங்கே தமிழின் இயல்பை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

தமிழில் சொற்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நீளும். இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்:

அ) பூனை மரத்தில் ஏறியது. அதை நாய் பார்த்தது.
ஆ) மரத்திலேறிக்கொண்டிருந்த பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தது நாய்.

இரண்டிலும் உள்ள செய்தி ஒன்றுதான். புதிய சொல் எதுவும் இல்லை. ஆனால் இரண்டாவது வாக்கியத்தில் பிள்ளை பத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளை ஒரே மூச்சில் கூட்ட வேண்டியிருக்கிறது. கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துபோகும். அதேபோல் 'மரம்' தெரியும், 'கிளை' தெரியும். 'மரக்கிளை' என்று சேர்ந்து வந்தால் தயங்கும்.

ஆகவே, நூலை எடுத்தவுடன் அட்டையில் '6 வயது முதல்' என்று போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். உள்ளே திறந்து இந்த ஐந்தையும் பாருங்கள்:

• சொல் நீளம்: ஒரு பக்கத்தில் எட்டு எழுத்துக்கு மேற்பட்ட சொற்கள் எத்தனை?
• வாக்கிய நீளம்: ஒரு வாக்கியம் ஒரு வரியில் முடிகிறதா, நான்கு வரி ஓடுகிறதா?
• அச்சு: எழுத்து பெரியதா? வரிகளுக்கு இடையே இடைவெளி இருக்கிறதா? மலிவுப் பதிப்புகள் பலவற்றில் இது இருப்பதில்லை.
• படம்: படம் கதையைச் சொல்கிறதா, சும்மா அலங்காரமா? தொடக்க வாசகன் படத்தைப் பார்த்துத்தான் சொல்லை ஊகிக்கிறான்.
• மொழி: உரையாடல் பேச்சுத் தமிழில் உள்ளதா? 'போயிட்டு வந்துடறேன்' என்பது காதுக்கு எளிது. கண்ணுக்குப் பழக்கம் இல்லாததால் சில பிள்ளைகளுக்கு அதுவும் கடினம்.

3. நுழை, நட, ஓடு, பற

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023-இல் ஒரு வாசிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. அதற்காக உருவாக்கிய சிறு நூல்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாகப் பிரித்தார்கள். கேட்டவுடன் பிள்ளைக்கே புரியும் பெயர்கள். 'முதலாம் ஆண்டுக்கு, இரண்டாம் ஆண்டுக்கு' என்று எழுதாததால் யாருக்கும் கூச்சம் இல்லை. நம் வள மைய அலமாரிகளுக்கும் இந்த முறை பொருந்தும். கீழே உள்ள பரிந்துரைகளை நான் இந்த நான்கு படிகளில் அடுக்கியிருக்கிறேன். எந்த நூல் எந்தப் படி என்பது என் வகுப்பறை அனுபவத்தில் செய்த பிரிப்பு; உங்கள் பிள்ளைகளை வைத்துச் சோதித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

நுழை – இப்போதுதான் எழுத்துக் கூட்டும் பிள்ளைகள்

ஒரு பக்கத்துக்கு ஒரு வாக்கியம், பெரிய படம், திரும்பத் திரும்ப வரும் சொற்கள். இதுதான் தேவை. பெங்களூரில் 2004-இல் தொடங்கப்பட்ட பிரதம் புக்ஸ் என்ற இலாப நோக்கற்ற பதிப்பகம், 2015-இல் 'ஸ்டோரிவீவர்' என்னும் இணைய நூலகத்தைத் திறந்தது. தமிழ்ப் படக்கதைகள் ஏராளம், எல்லாம் இலவசம். கதைகளை நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலைக் கதைகள் 250 சொற்களுக்குள், இரண்டாம் நிலை 600 சொற்கள் வரை, மூன்றாம் நிலை 1500 வரை, நான்காம் நிலை அதற்கும் மேல். முதல் நிலைக் கதைகளைப் பதிவிறக்கம் செய்து அச்சிட்டு, பிணைத்து வகுப்பில் வைக்கலாம். திறந்த உரிமத்தில் வெளியிட்டிருப்பதால், எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டு அச்சிடுவதற்குத் தடை இல்லை.

இதோடு பாட்டு வேண்டும். அழ. வள்ளியப்பாவை (1922–1989) 'குழந்தைக் கவிஞர்' என்று சும்மா சொல்லவில்லை. அவரது 'மலரும் உள்ளம்' தொகுப்பில் உள்ள பாடல்கள் ஓசையால் நிற்பவை. பாடிப் பாடி மனப்பாடம் ஆன பாட்டைப் பிறகு அச்சில் காட்டுங்கள். சொல் ஏற்கெனவே வாயில் இருக்கிறது. கண் அதைக் கண்டுபிடித்தால் போதும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் "நான் படிச்சிட்டேன்!" என்று சொல்லும். ம. இலெ. தங்கப்பாவின் 'சோளக்கொல்லைப் பொம்மை' பாடல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011-இல் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய விருது பெற்ற நூல் அது.

நட – சிறு வாக்கியங்களைத் தனியாக வாசிக்கும் பிள்ளைகள்

பஞ்சதந்திரம், ஈசாப், தெனாலிராமன், முல்லா கதைகள் இந்தப் படிக்கு ஏற்றவை. காரணம், கதையைப் பிள்ளைகள் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் வாசிப்பு வேகமாகும். ஆனால் கவனம்! இந்தக் கதைகளுக்கு நூற்றுக்கணக்கான பதிப்புகள் இருக்கின்றன. நூறு கதைகளை நெருக்கி அச்சிட்ட தடித்த புத்தகத்தை வாங்காதீர்கள். ஒரு கதைக்கு ஒரு மெல்லிய நூல் என்று வருபவையே நல்லது. பிள்ளைக்கு ஒரு நூலை 'முடித்தேன்' என்று சொல்லும் மகிழ்ச்சி வேண்டும்.

சென்னையில் 1996 முதல் இயங்கும் தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படக்கதைகளும் இந்தப் படிக்கு உதவும். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தமிழ் வாசிக்கத் தெரியாத வீடுகள் இப்போது நம்மிடையே உண்டு. அந்த வீட்டிலும் பெற்றோர் பிள்ளையோடு உட்கார இது வழி செய்கிறது.

ஓடு – கதைக்காகவே வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகள்

இந்தப் படியில் பிள்ளைக்கு வேண்டியது விறுவிறுப்பு. 'அப்புறம் என்ன ஆச்சு?' என்ற கேள்விதான் பக்கத்தைத் திருப்பும். வாண்டுமாமாவின் (1925–2014) சாகசக் கதைகள் இரண்டு மூன்று தலைமுறையை வாசிக்க வைத்தவை. 'கோகுலம்', 'பூந்தளிர்' போன்ற சிறுவர் இதழ்களில் பணியாற்றி, பிள்ளைகளின் நாடி அறிந்து எழுதியவர் அவர்.

நம் நாட்டிலேயே எழுதப்பட்டதைத் தேடுகிறவர்களுக்கு, ஆசிரியரும் எழுத்தாளருமான கே. பாலமுருகனின் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்', அதைத் தொடர்ந்து வந்த 'மோகினி மலையின் இரகசியமும் பூதக்கண்ணாடியும்' ஆகிய சிறுவர் மர்ம நாவல்கள் இருக்கின்றன. நீதிக்கதைக்குக் கொட்டாவி விடும் பையன்கள் மர்மக்கதைக்கு நிமிர்ந்து உட்காருவார்கள்.

அறிவியலில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள்' (2014-இல் பால சாகித்திய விருது). விக்கிரமாதித்தன்–வேதாளம் என்னும் பழைய சட்டத்துக்குள் அறிவியலைக் கேள்வியும் பதிலுமாகச் சொல்லும் நூல்.

கதையே பிடிக்காத பிள்ளைகளும் உண்டு. அவர்களைக் குறை சொல்லாதீர்கள். பெ. தூரன் தலைமையில் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வந்த 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கிறது. தகவல்கள் பழையவைதான். ஆனால் 'இது இன்னிக்கும் சரியா? தேடிப் பாருங்க' என்று சொல்லிவிட்டால் அதுவே நல்ல நடவடிக்கை ஆகிவிடும்.

பற – நீண்ட நூலைத் தாங்கும் பிள்ளைகள்

உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023-இல் பால சாகித்திய விருது) நம் காலத்துச் சிறுவனைக் கீழடியின் பழங்காலத்துக்குக் கூட்டிப்போகும் நாவல். வரலாற்றுப் பாடத்தோடு இணைக்கலாம்.

ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயானாகியின் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகக் கிடைக்கிறது. குறும்புக்காக ஒரு பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமி, பழைய இரயில் பெட்டிகளே வகுப்பறையான இன்னொரு பள்ளியில் சேர்கிறாள். அவள் பேசுவதையெல்லாம் அந்தத் தலைமையாசிரியர் பொறுமையாக உட்கார்ந்து கேட்கிறார். சின்னச் சின்ன அத்தியாயங்கள். ஒரு நாளைக்கு ஒன்று என்று வகுப்பில் வாசித்துக் காட்டலாம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆசிரியர்களாகிய நாம் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020-இல் பால சாகித்திய விருது) தனியாகக் குறிப்பிட வேண்டிய நூல். தப்பான தொடுகையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு மரப்பாச்சிப் பொம்மையின் துணையோடு சொல்லும் கதை. மொழி எளிது, பொருள் கனமானது. முதலில் நீங்கள் வாசியுங்கள். பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமும் பேசிவிட்டுக் கொடுங்கள். வாசித்த பிள்ளை ஏதாவது சொல்ல வந்தால், கேட்க நேரம் ஒதுக்கி வையுங்கள். அந்த நேரம் இல்லையென்றால் நூலை இன்னொரு நாளைக்குக் கொடுக்கலாம்.

4. 'ரூபாய்' என்றால் என்ன சார்?

மேலே சொன்ன நூல்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அங்கே 'ஐந்தாம் வகுப்பு', இங்கே 'ஐந்தாம் ஆண்டு'. அங்கே ரூபாய், இங்கே வெள்ளி. அங்கே கோடை விடுமுறை. நமக்கோ கோடை என்ற பருவமே இல்லை. பனைமரம் என்றால் நம் பிள்ளைகளின் மனத்தில் வருவது சாலை ஓரத்துச் செம்பனை. நுங்கு என்று வந்தால் பாதி வகுப்பு விழிக்கும்.

இதனால் 'தமிழ்நாட்டுப் புத்தகம் நம்ம பிள்ளைகளுக்கு வேண்டாம்' என்று சிலர் முடிவுக்கு வருகிறார்கள். அது சரியல்ல. வேறு ஊரைத் தெரிந்துகொள்வதும் வாசிப்பின் பயன்தானே. செய்ய வேண்டியது இரண்டு.

ஒன்று, நூலைக் கொடுக்கும் முன் மூன்று சொற்களை மட்டும் அறிமுகப்படுத்துங்கள். மூன்றே போதும். படம் காட்டலாம், கைபேசியில் தேடிக் காட்டலாம். பத்துச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் எழுதச் சொன்னால் அது கருத்துணர்தல் பயிற்சியாகிவிடும், கதை செத்துப்போகும்.

இரண்டு, 'நம்ம ஊர்ல இதுக்கு என்ன சொல்வோம்?' என்று கேளுங்கள். சந்தை – பசார், கிராமம் – கம்பம் என்று பிள்ளைகள் தாங்களே சொல்வார்கள். இரண்டும் தெரிந்த பிள்ளைக்குச் சொல்வளம் இரட்டிப்பு ஆகும்.

5. நம் ஊர்க் கதைகள் எங்கே?

இருந்தாலும், தன் ஊரையும் தன் வீட்டையும் புத்தகத்தில் பார்க்காத பிள்ளைக்குப் புத்தகம் என்பது யாரோ ஒருவருடைய பொருளாகவே இருக்கும். நம் நாட்டில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் குறைவு. ஆனால் பிள்ளைகள் எழுத இடம் கொடுத்த மரபு நமக்கு உண்டு. கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழ், 1950-களில் 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியை நடத்தியது. மலாயாத் தோட்டப் பிள்ளைகள் பலர் அதில் வாசித்தார்கள், எழுதினார்கள். பின்னாளில் நம் எழுத்தாளர்களாக ஆனவர்கள் சிலர் அங்கிருந்து வந்தவர்கள்தாம். வாசகனாக இருந்தவன் எழுத்தாளன் ஆனான்.

இதையே வகுப்பில் செய்யலாம். சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத்தில் நம் மாணவர்களின் தாத்தா பாட்டிகள் பலர் பால்மரக் காட்டில் வேலை செய்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்தோம். பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, மங்கு என்ற சொற்களை இன்றைய பிள்ளைகள் கேட்டதே இல்லை. 'பாட்டிகிட்ட ஒரே ஒரு கதை கேட்டுட்டு வாங்க' என்று வீட்டுப்பாடம் கொடுங்கள். பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அல்லது நல்லா எழுதும் மாணவர் எழுதட்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு வாக்கியம், மேலே பிள்ளை வரைந்த படம். எட்டுப் பக்கம் போதும். அட்டையில் பிள்ளையின் பெயர். பிணைத்து வள மையத்தில் மற்ற நூல்களோடு சேர்த்து வையுங்கள்.

இப்படி உருவாகும் நூல்கள் 'நுழை', 'நட' படிகளுக்கு மிகப் பொருத்தமானவை. பிள்ளை பேசிய சொல்லே அச்சில் இருக்கும். என் அனுபவத்தில், அலமாரியிலிருந்து அதிகம் இரவல் போன நூல்களில் இவையும் இருந்தன.

6. வாசிப்பைக் கொல்லாமல் இருப்பது

சரியான நூலைக் கொடுத்த பிறகும் நாம் கெடுத்துவிடலாம். நான் கெடுத்ததை முன்பே சொன்னேன். நிலாம் பதிவு நல்ல நோக்கத்தோடு வந்த திட்டம். முன்பு புத்தகத்தில் எழுதினோம். இப்போது இணையத்தில் பதிகிறோம். பதிவு தப்பில்லை. எண்ணிக்கையை மட்டும் பாராட்டுவதுதான் தப்பு. நாற்பது நூலுக்குப் பரிசு என்றால், பிள்ளை நாற்பது பின்னட்டைகளைத் தேடும்.

இப்போது நான் கதைச்சுருக்கம் கேட்பதில்லை. நூலைத் திருப்பிக் கொடுக்கும்போது மூன்று கேள்வி, வாய்மொழியாக:

• இதில உனக்குப் பிடிச்ச ஆள் யாரு?
• எந்த இடம் பிடிக்கலை?
• நீயா இருந்தா என்ன செஞ்சிருப்பே?

இவற்றுக்குப் பின்னட்டையில் பதில் இருக்காது. 'பிடிக்கலை' என்று சொல்ல அனுமதி கொடுங்கள். பாதியில் நிறுத்தவும் அனுமதி கொடுங்கள். பெரியவர்கள் நாம் பிடிக்காத நூலை முடிக்கிறோமா என்ன? அதே நூலை நான்காவது முறை எடுத்துப் போகிற பிள்ளையையும் தடுக்காதீர்கள். திரும்ப வாசிப்பதில்தான் வேகம் வருகிறது.

'இந்தக் கதையால் நாம் அறியும் நீதி என்ன?' என்ற கேள்வியைக் கொஞ்ச நாளைக்கு ஒத்தி வையுங்கள். நீதி கதைக்குள் இருந்தால் பிள்ளைக்கு அது தானே தெரியும்.

7. தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. 'இனிமேல் கதைப்புத்தகம் எதுக்கு?' என்று சிலர் கேட்டார்கள். வகுப்பறை மதிப்பீடு, ஆண்டிறுதித் தேர்வு, பின்னர் எஸ்.பி.எம். என்று எதை எடுத்தாலும் கருத்துணர்தலும் கட்டுரையும் இருக்கின்றன. கருத்துணர்தல் பகுதியில் நேரம் போதவில்லை என்று சொல்லும் மாணவருக்குப் பெரும்பாலும் இலக்கணம் குறையாக இருப்பதில்லை. வாசிப்பு வேகம்தான் குறை. அந்த வேகம் பயிற்சித்தாளில் வராது. விரும்பிப் படித்த நூல்களில்தான் வரும்.

மாணவர்களே, நீங்களும் அந்த விரல் சோதனையைச் செய்து பாருங்கள். இடைநிலைப்பள்ளிக்கு வந்துவிட்டோமே என்று 'ஓடு' படியில் உள்ள நூலை எடுக்கக் கூச்சப்பட வேண்டாம். வாரத்துக்கு ஒரு எளிய நூல் என்று மூன்று மாதம் வாசித்தால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஆசிரியர் பயிற்சிக் கழக மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. 'சிறந்த சிறுவர் நூலின் பண்புகளை விளக்குக' போன்ற வினா வந்தால், கீழ்க்காணும் ஐந்து தலைப்புகளில் விடையை அமைக்கலாம்:

• உள்ளடக்கம் – பிள்ளையின் அனுபவத்துக்கு நெருக்கம், கற்பனை, விறுவிறுப்பு
• மொழி – சொல் நீளம், வாக்கிய அமைப்பு, எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும்
• படமும் அச்சும் – படத்துக்கும் சொல்லுக்கும் உள்ள தொடர்பு, எழுத்தின் அளவு
• பண்பாடு – பிள்ளையின் சூழல், பிற சூழலை அறிமுகப்படுத்தும் பாங்கு
• விழுமியம் – வெளிப்படையாகச் சொல்லாமல் கதையில் கலந்திருத்தல்

ஒவ்வொரு தலைப்புக்கும் நீங்களே வாசித்த ஒரு நூலிலிருந்து சான்று காட்டுங்கள். சான்று இல்லாத பட்டியலை யார் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்துவிடலாம். 2010 முதல் வழங்கப்படும் பால சாகித்திய விருது நூல்களில் இரண்டையாவது முழுமையாக வாசித்துவிட்டுத் தேர்வுக்குப் போங்கள். 2024-இல் விருது பெற்ற யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்', 2025-இல் விருது பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' ஆகியவை அண்மைய நூல்கள். விருது பெற்றதால் ஒரு நூல் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

8. அந்த நான்காம் ஆண்டு மாணவன்

அவனுக்கு உண்மையில் வேண்டியது 'நுழை' படி நூல். அதைக் கொடுத்தால் வாங்குவானா? பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். பின்தங்கிய மாணவர்களிடம் நமக்கு இருக்கும் பெரிய சிக்கல் இதுதான். தேவையான நூல் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். வெட்கம் எடுக்க விடாது.

நான் அவனிடம் இப்படிச் சொன்னேன்: "முதலாம் ஆண்டுப் பிள்ளைங்களுக்கு வெள்ளிக்கிழமை ஒரு கதை வாசிச்சுக் காட்ட ஆள் வேணும். நீ போறியா?" எட்டுப் பக்கப் படக்கதை ஒன்றைக் கொடுத்தேன். சின்னப் பிள்ளைகள் முன்னால் தடுமாறக் கூடாது என்று அவனே வீட்டில் தங்கைக்கு மூன்று முறை வாசித்துக் காட்டியிருக்கிறான். வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு இடத்தில் நின்றான்; சமாளித்துக்கொண்டான். சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுவாரம் அவனே என் மேசைக்கு வந்தான். "சார், வேற புக் இருக்கா?"

அந்த ஆண்டு அவன் நிலாம் பதிவேட்டில் அதன் பிறகு பதினொரு நூல்கள்தான் ஏறின. பதினொன்றும் வாசித்த நூல்கள். ஆறாம் ஆண்டு முடிக்கும்போதும் அவனுக்கு றகர ரகரக் குழப்பம் தீரவில்லை. ஆனால் நூலைத் திறக்கப் பயப்படவில்லை. இடைநிலைப்பள்ளியில் தமிழை ஒரு பாடமாக எடுப்பதா வேண்டாமா என்று பிள்ளைகள் முடிவு செய்யும்போது, அந்தப் பயம் இருக்கிறதா இல்லையா என்பது மிக முக்கியம். வாசிக்கச் சிரமப்படும் மொழியை எந்தப் பிள்ளை தேர்வுக்கு எடுக்கும், சொல்லுங்கள்?

ஆகவே, அடுத்த முறை பெற்றோர் 'என்ன புத்தகம் வாங்கலாம்?' என்று கேட்டால், பட்டியலை நீட்டுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பள்ளியில் பிள்ளைகள் விரும்பி வாசித்த நூல்கள் இருந்தால், எந்தப் படிக்கு ஏற்றது என்ற குறிப்போடு சக ஆசிரியர்களுக்கும் சொல்லுங்கள். நாம் எல்லாரும் சேர்ந்தால்தான் இந்தப் பட்டியல் வளரும்.